1952-ஆம் ஆண்டுத் தேர்தலும் மலைநாட்டார் சத்தியாக்கிரகமும்

சத்தியாக்கிரகம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் ஈழத்துத் தமிழர் நெஞ்சில் எழுவன இரண்டு காட்சிகள். ஒன்று 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆந் திகதி கொழும்புக் காலிமுகத்திடலிலே நிகழ்ந்தது. மற்றையது 1961-இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே நிகழ்ந்தது. இவ்விரண்டிற்கும் முன்னதாக, 1952-ஆம் ஆண்டிலே, ஒரு பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் தொடங்கி, அத்தேர்தல் முடிந்து புதிய அரசாங்கம் அமைந்த பின்னரும் மாதக்கணக்கில் நீண்ட சத்தியாக்கிரகம் ஒன்று உண்டு. அதனை நடத்தியவர் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகள். உயர்தர வகுப்பிலே இதனைக் குறிப்பிடும் போதெல்லாம், மலைநாட்டிலே பிறந்த மாணவருங்கூட இதைப் புதுச் செய்தியாகக் கேட்டு வியப்பதை யான் கண்டிருக்கிறேன். அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முதலில் எமது கண்டி நகரத்துச் செய்தி ஒன்றினைக் கூறிப் பின்னர் நகரைச் சூழ்ந்த மலைகளுக்கு ஏறுவோம். 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே கண்டித் தொகுதியில் வெற்றி பெற்றவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா. அவர் பழுத்த அரசியல்வாதி; அமைச்சராகவும் அமர்ந்தார். எனினும் அவ்வெற்றிக்கு எதிராகத் தேர்தல் மனு ஒன்று தாக்கலாகி, 1948-இல் அவர் ஆசனத்தை இழந்தார். அதனால் நிகழ்ந்த இடைத்தேர்தலிலே ரி. பி. இலங்கரத்தின வென்றார். இவர் 1947-இன் எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்திலே தலைமை தாங்கி அரசாங்க உத்தியோகத்தை இழந்தவர். சிங்கள இலக்கியம் அறிந்தோர்க்கு ‘அம்ப யாளுவோ’ என்னும் நாவலின் ஆசிரியராகவும் அறிமுகமானவர். அவருடைய வெற்றியும் மனுவொன்றினால் வறிதாக்கப்பட்டது. 1949-இல் மறுபடியும் தேர்தல் நிகழ, அவருடைய மனைவியார் தமரா குமாரி இலங்கரத்தின பாராளுமன்றம் புகுந்தார். இரண்டே ஆண்டுகளில் கண்டி நகர வாக்காளர் மும்முறை வாக்குச் சாவடிக்குச் சென்றனர். தேர்தலிலே பிணக்கு எழுந்தது, நீதிமன்றம் விசாரித்தது, மக்கள் மீண்டுந் தீர்ப்பளித்தனர். பிணக்கைத் தீர்க்க ஒரு வழி இருந்தது என்பதே இங்கு நாம் கருத வேண்டுவது.

அவ்வழியிலே செல்வதற்கு ஒருவன் வேட்பாளனாகவோ வாக்காளனாகவோ இருத்தல் வேண்டும். நகரிலிருந்து ஹந்தானை மலையை நோக்கி நடந்தால் ஒரு மணி நேரத்திற்குள் தேயிலைத் தோட்டத்தை அடையலாம். 1947-இல் அத்தோட்டங்களிலே வாக்காளராய் இருந்தோர் பலர் 1952-இல் வாக்காளர் அல்லர். எனவே அவர்கள் எழுப்பிய பிணக்கு, வாக்குப் பெட்டியிலே மோசடி நடந்தது என்பதன்று. எண்ணிக்கை பிழைத்தது என்பதுமன்று. தேர்தல் நாளிலே எல்லாம் முறையாகவே நடந்திருக்கலாம். தேருநர் இடாப்பு என்னும் புத்தகத்திலே தம் பெயர் ஏன் இல்லை என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அக்கேள்வியை விசாரிக்கத் தேர்தல் மனுவிலே இடமில்லை.

இதன் வேர் 1928 வரை செல்லும். டொனமூர் ஆணைக்குழுவினர் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்த போது, தோட்டத் தொழிலாளரும் அதனுள் அடங்குவர் என்ற எண்ணம் கண்டிச் சிங்களத் தலைவரிடையே பெருங்கலக்கத்தை உண்டாக்கிற்று. அதன் விளைவாக, இந்தியாவிலிருந்து வந்தோருக்கு நிரந்தர வதிவு, கல்வி அல்லது சொத்து, குடியேறியோருக்கான அத்தாட்சிப் பத்திரம் என்னும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. நிபந்தனைகளின் நடுவேயும் வாக்காளர் தொகை வளர்ந்தது. 1939-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2,25,000 இந்திய வாக்காளர் இடாப்பிலே இருந்தனர். சோதனைகள் இறுக்கப்படவே, 1943-இல் அத்தொகை 1,68,000 அளவிற்குக் குறைந்தது. அந்தக் குறைந்த தொகையினரே 1947-இல் இலங்கை இந்தியர் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். நுவரெலியாவிலே சௌமியமூர்த்தி தொண்டமான், நாவலப்பிட்டியிலே கே. இராஜலிங்கம், தலவாக்கொல்லையிலே சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையிலே கே. குமாரவேலு, மஸ்கெலியாவிலே ஜி. ஆர். மோத்தா, அலுத்நுவரையிலே டி. இராமானுஜம், பதுளையிலே எஸ். எம். சுப்பையா என்போர் அவ்வெழுவர். வேறு பல தொகுதிகளிலே தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குச் சென்றன. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 ஆசனங்களுள் 42 மாத்திரமே கிடைத்தமை டீ. எஸ். சேனநாயக்காவைச் சிந்திக்க வைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

கண்டிச் சிங்களரின் அச்சம் முற்றும் பொய்யென்று தள்ளுதல் நேர்மையன்று. 1840-ஆம் ஆண்டு முடிநிலச் சட்டத்தின் பின்னர், கிராமத்தவர் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின. கிராமங்கள் தோட்டங்களின் இடையிலே நெருக்குண்டன. 1949-இல் நியமிக்கப்பட்டு 1951-இல் அறிக்கை வெளியிட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அக்கிராமங்களின் வறுமையை விரிவாக எடுத்துரைத்தது. நிலத்தை இழந்த கிராமத்தான் தன் மேட்டிலே ஏறிப் பார்த்தால், அவன் கண்ணுக்குத் தெரிந்தவன் இலண்டனிலிருந்த கம்பனிக்காரனல்லன். கூடையுடன் கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண்ணே. நிலத்தைப் பறித்தவன் ஒருவன், பழியைச் சுமந்தவர் வேறொருவர். அக்கொழுந்து பறிப்பவளும் தனக்கென ஒரு முழ நிலம் இல்லாதவளே என்பதைக் கிராமத்தானுக்கு எடுத்துக் கூறுவார் அன்று மிகச் சிலரே.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15-ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அத்திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவன் வழிவழிப் பிரஜையாவதற்கு அவனுடைய தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். சட்டத்தின் வாசகத்திலே தமிழன் என்றோ இந்தியன் என்றோ ஒரு சொல் இல்லை. ஆயினும் கண்டிக் கிராமத்துச் சிங்களவரிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்பார் எவருமிலர்; லயத்திலே வாழ்ந்தவரிடமே அது கேட்கப்பட்டது. பாட்டனின் பிறப்பை எந்தப் பெரட்டுக்களத்துப் புத்தகத்திலே தேடுவது? அடுத்து வந்த 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு கதவைத் திறந்தது, அக்கதவு ஒடுக்கமானது. மணமானவர் 1946 ஜனவரி 1-ஆந் திகதிக்கு முன் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வதிந்தமையை நிறுவுதல் வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு அகன்றிருந்தால் அத்தொடர்ச்சி அறுபடும். மூன்றாவதாக, 1949-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கே உரியதாக்கிற்று. முதலிரு சட்டங்களின் பயன் இம்மூன்றாவதிலேதான் வெளிப்பட்டது.

இதிலே மாணவர் ஊன்றி நோக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சோல்பரி யாப்பின்படி 75,000 மக்களுக்கு ஒரு உறுப்பினர், ஆயிரம் சதுர மைல் பரப்புக்கு மேலதிகமாக ஒருவர் என்று மாகாணங்களுக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அங்கே எண்ணப்பட்டது மக்கள் தொகை, வாக்காளர் தொகையன்று. 1946-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டிலே இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7,80,000 பேர். இவர்களுட் பெரும்பாலார் மலைநாட்டிலே வாழ்ந்தமையால் மத்திய மாகாணத்துக்குக் கூடுதலான ஆசனங்கள் கிடைத்தன. வாக்குரிமை போன பின்னரும் அவ்வாசனங்கள் போகவில்லை. தலையை எண்ணும் போது தொழிலாளி உள்ளவன். வாக்கை எண்ணும் போது இல்லாதவன். தலவாக்கொல்லைத் தொகுதியிலே 1947-இல் 19,000-க்கு மேற்பட்ட வாக்காளர் இருந்தனர். 1952-இல் 3,000 பேர் தானும் இலர். அச்சிறு தொகையினர் தெரிந்தவர், மலைகள் நிறைந்த ஒரு தொகுதி முழுவதற்கும் உறுப்பினரானார்.

நீதிமன்றத்தின் கதவையும் தட்டிப் பார்க்காமல் இல்லை. கண்டிக்கு மேற்கே, கேகாலை மாவட்டத்து ருவன்வெலைத் தொகுதியிலே கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை இடாப்பிற் சேர்க்குமாறு கோரினார். (அத்தொகுதியின் உறுப்பினர் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா.) விசாரித்த திருத்தும் உத்தியோகத்தர், அரசியல் யாப்பின் 29-ஆம் பிரிவு எந்தச் சமூகத்தாருக்கும் தனிப்பட்ட இடர்ப்பாடு விதிக்குஞ் சட்டத்தைத் தடுத்துள்ளது, ஆதலால் இச்சட்டங்கள் செல்லா எனக் கொண்டு, பெயரைச் சேர்க்குமாறு பணித்தார். அம்முடிவு உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லப்பட, 1951-இல் அந்நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. சட்டத்தின் நோக்கத்தையும் விளைவையும் ஆராயாது, அதன் வாசகத்தையே பார்த்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்பால் வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்தை அடைந்தது. ஒரு நாட்டின் பிரஜைகள் யாவர் என வரையறுத்தல் அந்நாட்டுச் சட்டமன்றத்துக்கு இயல்பாயுள்ள உரிமை என்று கூறி, கழகத்தினரும் மேன்முறையீட்டை நிராகரித்தனர். அத்தீர்ப்பு வந்தது 1953 மே மாதம். பொதுத் தேர்தல் நடந்ததோ 1952 மே 24 முதல் 30 வரை. அதாவது, இலட்சக்கணக்கானோரின் வாக்குரிமையைப் பற்றிய வழக்கு உச்சநிலை மன்றிலே தீராது கிடக்கையிலேயே, அவர்கள் இல்லாத இடாப்பைக் கொண்டு நாடு தேர்தலை நடத்தி முடித்துவிட்டது. அத்தேர்தலை ஐயத்துக்குரியது என்று யான் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

1952 மார்ச் 22-ஆந் திகதி டீ. எஸ். சேனநாயக்கா காலமானார். மகன் டட்லி சேனநாயக்கா பிரதமரானார். ஏப்ரில் மாதத்திலே பாராளுமன்றங் கலைக்கப்பட்டது. ஏப்ரில் 28-ஆந் திகதி, தொண்டமான் முதலாய காங்கிரஸ் தலைவர்கள் கொழும்புக் கோட்டையிலே பிரதமரின் அலுவலகத்தின் முன்பு அமர்ந்து சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினர். சில நாட்களுக்கு முன் பாராளுமன்ற ஆசனங்களில் அமர்ந்திருந்தோர் இப்பொழுது வீதியோரத்திலே அமர்ந்தனர். வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலே கவிதை புனைந்தவர்; பாராளுமன்றத்தினர் அவர் பேச்சைக் கேட்டிருந்தனர்; அவரும் அங்கிருந்தார். மே மாதத்திலே தேர்தல் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 42-இலிருந்து 54 ஆசனங்களுக்கு உயர்ந்தது. புதிய பாராளுமன்றத்திலே இலங்கை இந்தியர் காங்கிரசின் உறுப்பினர் ஒருவருமிலர். வெற்றி விழாக்கள் முடிந்தன, அமைச்சர்கள் பதவியேற்றனர், சத்தியாக்கிரகிகள் எழுந்திருக்கவில்லை. ஏறத்தாழ 140 நாட்கள் அப்போராட்டம் நீடித்தது. சட்டத்திலே ஓரெழுத்தும் மாறவில்லை.

இப்போராட்டத்திற்கு ஒரு பழைய முன்னோடி தென்னாபிரிக்காவிலே உண்டு. நேட்டால் மாநிலத்திலே கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற இந்தியருட் பெருந்தொகையினர் தமிழர். 1894-இல் அங்கு இந்தியரின் வாக்குரிமையை நீக்க ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. இளம் வழக்கறிஞராய் அங்கிருந்த காந்தியடிகள் அதனை எதிர்த்து நேட்டால் இந்தியர் காங்கிரசை நிறுவினார். ஆசியர் என்று வெளிப்படையாய்க் கூறிய அம்மசோதாவை இலண்டன் அரசாங்கம் ஏற்கவில்லை. உடனே நேட்டாலார், தம் தாய்நாட்டிலே பாராளுமன்ற வாக்குரிமை இல்லாதோர் என்னும் பொருள்பட மாற்றி எழுதி, 1896-இல் அதனை நிறைவேற்றினர். இனத்தின் பெயரைச் சொல்லாது இனத்தை நீக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. இலங்கை இந்தியர் காங்கிரஸ் என்ற பெயரிலே நேட்டால் காங்கிரசின் எதிரொலி கேட்பது போல எனக்குத் தோன்றுவதுண்டு. 1939-இல் நேரு இலங்கைக்கு வந்த போது பிறந்த அக்கட்சி, சத்தியாக்கிரகம் என்ற கருவியை நாடியது இயல்பே. காந்தியடிகள் 1927-இல் கண்டிக்கும் மலைநாட்டுக்கும் வந்து சென்றதை நேரிற் கண்ட முதியோர் 1952-இல் தோட்டங்களிலே பலர் இருந்திருப்பர்.

தலைவர்களின் பிழையையும் மறைத்தல் ஆகாது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகளே தவணை. 1951 ஆகஸ்ட் 5-ஆந் திகதியுடன் அது முடிந்தது. காங்கிரஸ் முதலிலே அச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. கொள்கையளவிலே அது நியாயமே. நாட்காட்டியோ கொள்கைக்காகக் காத்திருப்பதில்லை. பின்னர் மனம் மாறிய போது காலம் சுருங்கிவிட்டது. எனினும் வந்து சேர்ந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 2,37,000. அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேல். மலைநாட்டார் இந்த நாட்டைத் தம் நாடாக விரும்பவில்லை என்று கூறியோருக்கு இவ்வெண்ணே விடையாகும். 1964 அளவிலே பிரஜாவுரிமை பெற்றவரோ 1,34,000 பேர் மட்டுமே.

வடபுலத்தார் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 1948 ஆகஸ்டிலே பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், விரைவில் அமைச்சரவையிற் சேர்ந்து, அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் மசோதாவை ஆதரித்து வாக்களித்தார். இதனாற் பிரிந்த சா. ஜே. வே. செல்வநாயகம் 1949 டிசெம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலிலே யாழ்ப்பாணத்தார் இவ்விருவருக்கும் அளித்த தீர்ப்பு யாது? தமிழ்க் காங்கிரசுக்கு 4 ஆசனங்கள். தமிழரசுக் கட்சிக்கு 2. செல்வநாயகம் தாமே காங்கேசன்துறையிலே தோற்றார். மலைநாட்டார் கோட்டையிலே வீதியோரத்தில் இருந்த அதே மே மாதத்தில் வடக்கின் வாக்காளர் பெரும்பாலோர் வேறு காரியங்களை நினைத்து வாக்களித்தனர். நான்காண்டுகள் கழிந்து 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த போதுதான் காலிமுகத்திடற் காட்சி எழுந்தது. இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து எழுதிய வரலாற்றாசிரியர் சிலர் இருப்பினும், நம் மேடைகளிலே இரண்டாவது மட்டுமே நினைவு கூரப்படுகின்றது. எனக்கு இதிலே வருத்தம் உண்டு என்பதை ஒளிக்கவில்லை.

பின் நடந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1954-இல் நேரு–கொத்தலாவலை உடன்பாடு. 1964 ஒக்டோபரிலே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். பின்னதிலே 9,75,000 பேர் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாகி, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு பேச்சுக்கு ஒதுக்கப்பட்டனர். 1974-இல் அவ்வெச்சம் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. பங்கிடப்பட்டோரிடம் எவரும் கேட்கவில்லை. 1977-இல் தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கினாற் பாராளுமன்றம் சென்றார். இடையிலே 30 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சிய நாடற்றோரின் நிலையைப் படிப்படியாகத் தீர்த்தன.

இவ்வாண்டுகளினூடே வாழ்ந்தவர் ஒருவரை யான் அறிவேன். அவர் என் பாட்டனார். ஹந்தானைச் சாரலிலே ஒரு தோட்டத்திற் பிறந்து அங்கேயே உழைத்தவர். 1947-இல் வாக்களித்தவர். 1951-இல், தவணை முடியச் சில நாட்களே இருக்கையில், விண்ணப்பம் அனுப்பினார். அதன் நகல் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலே இன்றும் உளது. தோட்டத்துச் செக்றோலின் பிரதி, அம்மைப்பால் குத்திய சீட்டு, பள்ளிக்கூடத்து ஆசிரியர் கொடுத்த கடிதம் எல்லாம் நூலாற் கோக்கப்பட்டுள்ளன. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அவர் தம் தாயாரின் அந்திமக் காலத்திலே துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குச் சென்று, பதினான்கு மாதங் கழித்துத் திரும்பியிருந்தார். சட்டம் பொறுத்த பன்னிரண்டு மாதத்துக்கு மேலாக அங்கே இருந்த இரண்டு மாதங்கள், அவரை முப்பத்தைந்து ஆண்டுகள் நாடற்றவராக்கின. இந்தியாவுக்குப் போக அவர் எழுதிக் கொடுக்கவுமில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவருக்கு அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தது.

1989 பெப்ரவரி 15-ஆந் திகதி பொதுத் தேர்தல். அப்பொழுது யான் ஒன்பது வயதுச் சிறுவன். வாக்களிப்போர் கொல்லப்படுவர் என்று கண்டிப் பிரதேசமெங்கும் மக்கள் விடுதலை முன்னணியின் அச்சுறுத்தல் இருந்த நாட்கள் அவை. இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முடிவை எதிர்த்துத் திருமதி பண்டாரநாயக்கா தாக்கல் செய்த மனு பின்னர் 1992 வரை உயர் நீதிமன்றிலே நடந்தது. அன்று காலை லயத்திலே பலர் வெளியே செல்லத் தயங்கினர். பாட்டியார் கையைப் பிடித்து மறித்தார். பாட்டனார் வெளுத்த வேட்டி உடுத்து, தோளிலே துவாலையிட்டு, என்னையும் கூட்டிக் கொண்டு இறங்கினார். சாவடியிலே நீண்ட வரிசை இருக்கவில்லை. எழுதுவினைஞர் இடாப்பை விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி, அவர் பெயரை உரக்க வாசித்தார். வாசித்த பின்னும் பாட்டனார் நகரவில்லை. இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டார்.

தகரப் பெட்டிகள் மலைநாட்டு வீடுகளிலே இன்னும் பல உள. 1947-இல் வாக்களித்த தலைமுறை மறைந்துவிட்டது. அவர்களின் விண்ணப்ப நகல்கள், நிராகரிப்புக் கடிதங்கள், செக்றோற் பிரதிகள் கரையானுக்கு இரையாகும் முன் அவற்றைத் தேடிப் படியெடுக்க எமது மாணவர் சிலர் முன்வருவராயின், விடுமுறை நாட்களிலே அவர்களுடன் செல்ல யான் ஆயத்தமாயிருக்கிறேன்.